வாய்ச்சொல்லும் கணக்கேடும்



கடல் கடந்து பொருள் தேடச் சென்றவரை நம் ஊர்களில் சபராளி என்று அழைப்பது வழக்கம். ‘சபர்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்தும், கூத்தாநல்லூர், கடையநல்லூர், தென்காசி ஆகிய உள்நாட்டு ஊர்களிலிருந்தும் இப்படிப் புறப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று ஜொகூரில் சாஆ, லாபிஸ், யோங் பெங், சிகாமட் வட்டாரங்களில் வியாபாரம் செய்து வருகிறார்கள். இவர்கள் இந்நாட்டில் பிறந்தவர்கள், இந்நாட்டுப் பிரஜைகள். ஆகவே இவர்களைச் சபராளி என்று சொல்வதற்கில்லை.

எனினும் கடை நடத்தும் முறையில் மட்டும் நம்மில் பலர் இன்னும் சபராளிகளாகவே இருந்து வருகிறோம். வாய்ச்சொல்லை நம்பிப் பங்கு சேர்கிறோம். வாய்ச்சொல்லை நம்பிக் கைமாற்றுக் கொடுக்கிறோம். ‘எனக்குப் பிறகு இன்னாருக்கு இன்னது’ என்பதையும் வாய்ச்சொல்லாகவே விட்டுச் செல்கிறோம். இந்த முறை நம் முன்னோருக்கு நல்ல பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. அது அவர்களுக்கு ஏன் பலித்தது, நம் காலத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வந்த வழி

நம்மவருக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் கையில் விழுவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர் அத்துறைமுகத்தில் செல்வாக்குடன் விளங்கினர். சுல்தான் மஹ்மூது ஷாவிடம் பெண்டஹாரா பதவி வகித்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். வணிகராக வந்த ஒரு குடும்பம் சில தலைமுறைகளில் அரண்மனை வரை உயர்ந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1794இல் அவர் எழுதிய அறிக்கையில் அங்கு வாழும் சூலியாக்கள், அதாவது நம்மவர், சுமார் 1,000 பேர் என்றும், கடைக்காரர்களும் கூலிகளுமாக இருந்தனர் என்றும் குறிப்பிட்டார். ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்திற்கு வேறு ஆட்கள் வருவதாகவும் அவர் எழுதினார். வருவது, ஈட்டுவது, திரும்புவது, அடுத்தவரை அனுப்புவது என்ற இந்தச் சுழற்சி ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் நடந்தது.

வந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பள்ளிவாசல் எழுப்பியது. பினாங்கில் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் சூலியாக்களின் தலைவரான காதர் முஹைதீன் மரைக்காயர். சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது.

பின்னர் கித்தா மரம் வந்தது. ஜொகூர் வழியாகச் செல்லும் இருப்புப் பாதை 1909இல் முடிந்தது. லாபிஸும் பெக்கோக்கும் ரயில் நிலையங்களாயின. துறைமுகத்தோடு நின்றிருந்த நம்மவர் வியாபாரம் தோட்டங்களைத் தேடி உள்நாட்டுக்குள் நுழைந்தது. சாஆ ரயில் பாதையில் அமையாவிட்டாலும், சிகாமட்டிலிருந்து லாபிஸ் வழியே யோங் பெங் செல்லும் பழைய பெருஞ்சாலையில் அமைந்த ஊர். சுற்றிலும் கித்தாவும் செம்பனையும். இத்தகைய ஊர்களில் பலசரக்குக் கடை, காப்பிக் கடை, துணிக்கடை என்பவை தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே நடந்தன.

ஊரே ஜாமீனாக இருந்த காலம்

அக்காலத்துக் கடை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். ஏனெனில் நம் பாடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலாளி தம் ஊரிலிருந்தே சிப்பந்திகளை வரவழைப்பார். பெரும்பாலும் மச்சான், மருமகன், அடுத்த தெருப் பிள்ளை என்று ஏதோ ஓர் உறவு இருக்கும். கப்பல் கட்டணத்தை முதலாளி கொடுப்பார். அது சிப்பந்தியின் பற்றில் ஏறும். அவன் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்குவான். சம்பளத்தை மாதந்தோறும் கையில் வாங்குவதில்லை. முதலாளியின் பேரேட்டில் அவன் பெயரில் வரவாக நிற்கும். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை முதலாளியே அனுப்பி வைப்பார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவன் ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்துத் தொகையைக் கொடுப்பார். திரும்பி வந்தவன் நல்லவனாகவும் திறமையுள்ளவனாகவும் இருந்தால், ஐந்தொகை போடும்போது அவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். பிறகு பக்கத்து ஊரில் தனிக்கடை வைக்க அதே முதலாளி சரக்குக் கடனாகக் கொடுப்பார்.

இவற்றுள் எதற்கும் பத்திரம் கிடையாது. முத்திரைத் தாளும் கிடையாது. பிறகு எதை நம்பி இவ்வளவு பணமும் உழைப்பும் கை மாறின? ஊரை நம்பித்தான். சிப்பந்தி கல்லாவில் கை வைத்தால் அச்செய்தி அடுத்த கப்பலில் ஊர் போய்ச் சேரும். அவன் தகப்பனார் பள்ளிவாசலில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிதாகும். முதலாளி சிப்பந்தியின் பணத்தை விழுங்கினாலும் அதே கதிதான். அவரும் அந்த ஜமாஅத்தில்தான் மையத்து எடுக்கப்பட வேண்டியவர். இரு தரப்பாரும் ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே பள்ளிவாசல் என்றிருந்ததால் எழுதாத ஒப்பந்தமும் எழுதிய ஒப்பந்தத்தைப் போல நின்றது.

ஒருவர் முதலும் ஒருவர் உழைப்பும் சேர்த்து இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு மார்க்கத்தில் முளாரபா என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே நுபுவ்வத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று வணிகம் செய்தார்கள். ஆகவே நம் முன்னோர் நடத்திய முறை ஆதாரமில்லாத முறையன்று.

ஆனால் அம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஊரில் இருந்த பெண்கள். கணவர் முகத்தை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தவர்கள், பிள்ளைகளைத் தனியே வளர்த்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். கடையின் ஐந்தொகையில் அவர்கள் பெயர் ஏறியதில்லை. இந்த வரலாற்றைப் பெருமையோடு பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

ஜாமீன் தளர்ந்த விதம்

ஊர் என்ற ஜாமீன் ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. படிப்படியாகத் தளர்ந்தது.

முதல் அடி யுத்தம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமர நோட்டு, ஆட்சி மாறியதும் வெறும் காகிதமாயிற்று. அந்த நோட்டில் அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா என்ற வழக்கு நாடெங்கும் எழுந்தது. இதைத் தீர்ப்பதற்கென்றே 1948இல் ஒரு தனிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 1943 முடிவு வரை கொடுத்த தொகைக்கு ஒரு விதி, அதற்குப் பின் கொடுத்ததற்குத் தேதியை ஒட்டிய மதிப்பு என்று அச்சட்டம் கணக்கிட்டது. தேதியோடு ஏடு வைத்திருந்தவனுக்குப் பேச வழியிருந்தது. ‘கொடுத்தேன்’ என்ற வாய்ச்சொல் மட்டும் வைத்திருந்தவனுக்கு வழியில்லை.

இரண்டாவது அடி குடிநுழைவுச் சட்டம். 1953 ஆகஸ்டு முதல் நினைத்தபோது ஆளை வரவழைப்பதும், நினைத்தபோது போய் வருவதும் நின்றன. 1957இல் சுதந்திரம் வந்தது. பிரஜாவுரிமை எடுப்பதா, பழைய கடவுச்சீட்டோடு இருப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1968இல் பிரஜையல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. சிலர் குடும்பத்தை இங்கே வரவழைத்துக்கொண்டார்கள். சிலர் கடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு.

மூன்றாவதாகக் கப்பலும் நின்றது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிந்தது.

சிற்றூர்க் கடைகளுக்கு வேறு சோதனைகளும் வந்தன. கித்தா குறைந்து செம்பனை பெருகியது. தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. தலைமுறை தலைமுறையாகச் சம்பள நாளில் கணக்குத் தீர்த்த வாடிக்கைக்காரர்கள் போய், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வரும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டபின், பழைய பெருஞ்சாலையில் சாஆ வழியே போன தூரப் பயணிகளில் பலர் அந்த வழியை விட்டார்கள். கடைக்கு எதிரே வண்டி நிறுத்திச் சாப்பிட்டுப் போனவர்கள் குறைந்தார்கள்.

இன்று ஒரு கடையில் பங்குதாரர்களாக இருக்கும் இருவருடைய பாட்டனார்கள் ஒரே தெருவில் பிறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் அந்தப் பேரர்கள் அத்தெருவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருவர் தவறினால் கேட்கும் ஜமாஅத்து இல்லை. கேட்டாலும் அஞ்ச வேண்டிய அவசியமில்லை. ஜாமீன் போய்விட்டது, ஜாமீனை நம்பிய பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நம் கடைகளில் நேரும் சச்சரவுகளில் பலவற்றுக்கு இதுவே மூலகாரணமாகும்.

நாம் யார் என்ற கேள்வி

நம்மைப் பிறர் அழைத்த பெயர்கள் பல. கெளிங் என்றார்கள், அது கலிங்க நாட்டுப் பெயரின் வழிவந்த சொல் என்பர். நாளடைவில் அது இழிவுக் குறிப்பாகவும் மாறியது. சூலியா என்றார்கள். மலாய்ப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றியவர்களின் வழியினரை ஜாவி பெக்கான் என்றும் ஜாவி பெரானாக்கான் என்றும் அழைத்தார்கள். மாமா என்ற நம் உறவுச் சொல் மலாய் நாவில் மாமாக் ஆகி, இப்போது உணவுக்கடையின் பெயராகவே நிலைத்துவிட்டது. காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து விற்ற பினாங்குத் தொழிலாளியின் நாசி கண்டார் இன்று எல்லா இனத்தாரின் உணவாகிவிட்டது.

பெயர் மட்டுமன்றி மொழியும் கலந்தது. மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா (1796–1854) அரபு, தமிழ் ஆகிய இருவழி முன்னோரைக் கொண்டவர். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர்கள் அக்கலப்புச் சமூகத்தார். அதே நகரில் 1887இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியவர் மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம். ஒரு சமூகம் ஒரே நகரத்தில் இரண்டு மொழிகளில் தன்னை எழுதிக்கொண்டது.

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவர், அங்கே கூறப்படும் பிறப்பு, வசிப்பிட நிபந்தனைகளுக்கும் உட்பட்டால், மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. ஆகவே நம்மில் சிலர் பதிவேட்டில் மலாய்க்காரர், சிலர் இந்தியர். ஒரே குடும்பத்தில் இருவகையும் உண்டு. ஒருவர் தேர்ந்துகொண்டதை மற்றவர் பழிப்பதால் எந்தப் பயனும் விளையாது. மலாக்கா காலம் முதல் இந்தக் கலப்பு நடந்து வந்திருக்கிறது, இனியும் நடக்கும்.

வணிகருக்குக் கவலை தர வேண்டியது வேறொன்று. ஊரும் பேச்சும் நம்மை அடையாளம் காட்டிய காலத்தில் அவையே நம் நாணயத்துக்கும் காவலாக இருந்தன. அவை மங்கும்போது நாணயத்துக்குக் காவல் எது? அதற்கான விடை திருமறையிலேயே இருக்கிறது.

எழுதும்படி இட்ட கட்டளை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணைக் கடனை எழுத வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்பவை அதன் கருத்துகள். கைக்குக் கை நடக்கும் சில்லறை வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதில் உண்டு. எழுதுவதால் நட்புக் கெடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் உயிராக நேசித்த சஹாபாக்கள் வாழ்ந்த சமூகத்துக்குத்தான் இக்கட்டளை முதலில் இறங்கியது.

நம் நிலைக்கு ஏற்ப எழுத வேண்டியவை நான்கு.

முதலாவது, பங்கு. 1961ஆம் ஆண்டுக் கூட்டுவணிகச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் பங்குதாரர்கள் இலாபத்தில் சம உரிமையுடையவர்கள். ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும். ஒருவர் 80,000 ரிங்கிட் போட்டு, மற்றவர் 20,000 போட்டிருந்தாலும், எழுத்தோ வேறு அத்தாட்சியோ இல்லையேல் ‘சமம்’ என்ற விதியே முன் நிற்கும். யார் எவ்வளவு போட்டார், யார் உழைக்கிறார், இலாபம் எப்படி, ஒருவர் மறைந்தால் கடை யாரிடம் என்பவற்றை ஒரு வழக்கறிஞர் முன் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இரண்டாவது, கடன். வாங்கியதையும் கொடுத்ததையும் தேதியோடு எழுதுங்கள். கடன் பாக்கி வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுதார்கள். நம் கடன் எவ்வளவு என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், பொறுப்பேற்க முன்வருபவரும் எதை ஏற்பார்?

மூன்றாவது, வாரிசு. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து ஆகியவை போக மீதிதான் பாகப் பிரிவினைக்கு வரும். ஊழியர் சேமநிதியில் ஒரு முஸ்லிம் பெயர் குறித்து வைத்தவர் அப்பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரேயன்றி, அதன் உடைமையாளர் அல்லர். இதை அறியாமல் சகோதரர்கள் பேச்சு முறித்துக்கொள்வதைக் காண்கிறோம். ஊரில் வீடும் இங்கே கடையும் உள்ளவர்கள் இரண்டு நாட்டுச் சொத்துக்கும் பட்டியல் எழுதி வைப்பது அவசியம்.

நான்காவது, வக்பு. கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலுக்கு 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய நிலம் 18 ஏக்கர். நூறு ஆண்டுகளில் வக்புச் சொத்துகளின் நிர்வாகம் அவ்வளவு சீர்கெட்டிருந்தது. 1905இல் அரசாங்கமே சட்டம் போட்டு ஒரு வாரியத்தின் கையில் அவற்றை ஒப்படைக்கும்படி ஆயிற்று. கொடுத்தவர்களின் எண்ணம் தூயது, கணக்குதான் இல்லை. இன்று வக்பு செய்ய விரும்புவோர் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் வழியாக முறைப்படி பதிந்து செய்வதே பாதுகாப்பு.

இங்கே மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். பாட்டனாரின் பேரேடும் குறிப்பேடும் தமிழில் இருக்கின்றன. பேரப் பிள்ளைகள் தேசியப் பள்ளியில் மலாய் படித்தவர்கள். தமிழைப் பேசுவார்கள், எழுத்துக் கூட்ட அறியார்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பாட்டனார் எழுதி வைத்த அமானிதம், பூட்டிய பெட்டிக்குள் இருப்பதற்குச் சமம். ஆகவே ஒப்பந்தங்களை மலாயிலும் எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையும் கற்பியுங்கள். வாரம் ஒரு மணி நேரம் மத்ரஸாவில் ஒதுக்கினாலும், ஓராண்டில் ஒரு பிள்ளை பேரேடு படிக்கக் கற்றுக்கொள்ளும்.

இன்றைய சபராளி

கடைசியாக ஒன்று. இன்று நம் உணவுக்கடைகளில் ரொட்டி போடுபவரும் மேசை துடைப்பவரும் யார்? கடல் கடந்து வந்த பிள்ளைகள். சிலர் தமிழ்நாட்டவர், பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஊரில் கடன், வீட்டில் எதிர்பார்க்கும் மனைவி மக்கள், கடைக்கு மேல்மாடியில் பாய் என்று நம் பாட்டனார் இருந்த நிலையில்தான் இவர்களும் இருக்கிறார்கள். ஒரு வேற்றுமை உண்டு. நம் பாட்டனாருக்கு ஊர் என்ற ஜாமீன் இருந்தது. என்றாவது பங்குதாரராகலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. இவர்களுக்கு இரண்டும் இல்லை. இவர்கள் சார்பில் கேட்க எந்த ஜமாஅத்தும் நம் கடைக்கு வரப்போவதில்லை.

அதனால்தான் இவர்கள் கணக்கை எழுதுவது மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எதற்கு, ஓய்வு நாள் எது என்பவற்றை அவர்கள் அறியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; சட்டம் சொல்லாவிட்டாலும் அது நமக்குத் தகாது. உழைத்தவனுக்குத் தாமதமின்றிக் கூலி கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வற்புறுத்தியிருக்கிறார்கள். சபராளியின் பேரன் மற்றொரு சபராளியை நடத்தும் விதத்தில்தான், நாம் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. பதிவேட்டில் எந்த இனம் என்று எழுதியிருந்தாலும் அந்த விடை மாறாது.

ஆகவே, அன்பர்களே! இந்த வாரம் ஒரு நாள் கடை அடைத்த பின் அரை மணி நேரம் உட்காருங்கள். பங்கு, கடன், வாரிசு, சிப்பந்தி சம்பளம் என்று நான்கு தாள் எடுத்து, தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடம் எதுவோ, அங்கேதான் நாளைய சச்சரவு ஒளிந்திருக்கிறது. அதைச் சம்பந்தப்பட்டவர் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் கணக்கில் நேர்மையையும், மறுமையின் கணக்கில் இலேசையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.